நான்கு விரல் ஜன்னல்

நவம்பர் 5, செவ்வாய்

மஸ்கெலியாவில் ஏழாம் ஆண்டுக்கு விஞ்ஞானம் எடுத்த காலத்தில் பிரியந்தி என்ற பிள்ளை ஒரு கேள்வி கேட்டாள். "சேர், கம்பளிய காலையில தொட்டா ஜில்லுனு இருக்கு. ராத்திரி மட்டும் அதுக்கு எங்கேருந்து சூடு வருது?" கம்பளிக்குச் சூடு கிடையாது, சூடு உன்னுடையது, அது ஓடிப்போகாமல் கம்பளி பிடித்து வைக்கிறது என்றேன். வகுப்பு தலையாட்டியது. நானும் அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன்.

வகுப்பில் சொன்னதை வீட்டில் மறந்த வாத்தியார் நான்.

படுக்கையறை ஏசி நேற்றோடு நின்றுவிட்டது. கந்தப்பளை மலைக்குளிரில் ஏசியா என்று சிரிக்காத ஆளில்லை. குளிரூட்ட அல்ல, சூடேற்றத்தான் வாங்கினேன். பன்னிரண்டடிக்குப் பன்னிரண்டடி அறைக்குப் பதினெட்டாயிரம் பிடியூ. பிடியூ என்பது சூட்டை அளக்கும் அலகு. எண் பெரிதானால் சூடு பெரிது, சூடு பெரிதானால் என் மனைவி இசபெலுக்கு நல்லது என்று நினைத்தேன். நான்கு வருடம் ஓடியது. முழு வேகத்தில் உறுமும், பத்து நிமிடத்தில் நிற்கும், மறுபடி உறுமும். வடக்குச் சுவரில் பூஞ்சணம் ஏறிக்கொண்டே வந்தது. ஜூலை மழையில் இசபெலுக்கு நிமோனியா.

ஆகஸ்டிலிருந்து அவள் வத்தளையில் மகள் டிலுக்ஷி வீட்டில் இருக்கிறாள். நெஞ்சு டொக்டர் சொன்னது இரண்டே விஷயம்: சுவர் காய வேண்டும், அறை இரவு முழுக்க இருபது டிகிரியை ஒட்டியே நிற்க வேண்டும். அதுவரை மலைக்கு அனுப்ப வேண்டாம்.

டிலுக்ஷி ஒரு தேதியும் சேர்த்துக்கொண்டாள். "நத்தாருக்கு முன்ன சரிவந்தா அம்மாவ கூட்டிட்டுப் போங்கப்பா. இல்லன்னா நீங்களும் இங்க வந்துருங்க. வீட்ட வாடகைக்கு விடுவோம்."

இசபெல் போனை வாங்கி, குரலைத் தாழ்த்தி, "என்னங்க, என்னைய எப்ப கூட்டிட்டுப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

கிறிஸ்மஸுக்கு ஏழு வாரம் இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

நுவரெலியா டவுனில் கடைக்குப் போனேன். விற்பனைக்கு நிற்பவர் விஜிதரன், முப்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையான ஆள். இசபெலின் நெஞ்சு நோயைச் சொன்னேன். பழைய மெஷினில் ஒட்டியிருந்த எண்ணைக் கேட்டார். சொன்னேன்.

"பதினெட்டு போட்டும் அம்மாவுக்குச் சூடு காணலயா? அப்ப இருபத்துநாலு போட்டுருவோம் சேர். அடிச்சித் தூக்கும்."

"என் அறையப் பத்தி ஒண்ணும் கேக்கலயே?"

"அதான் பழைய நம்பர் இருக்கே."

சுவரில் ஒரு அட்டவணை. இத்தனை சதுர அடிக்கு இத்தனை பிடியூ. கீழே சின்ன எழுத்தில் வெளி வெப்பம் முப்பத்தைந்து டிகிரி என்று இருந்தது. கொழும்பு வெயிலை வீட்டுக்குள்ளிருந்து விரட்டுவதற்குப் போட்ட கணக்கு அது. எனக்கோ உள்ளே இருக்கும் சூட்டைப் பிடித்து வைக்க வேண்டும். சட்டை தைக்கப் போனவனுக்குச் செருப்பு அளவு எடுத்த மாதிரி.

"யோசிச்சி வர்றேன்" என்றேன்.

"யோசிங்க சேர். டிசம்பர்ல ஸ்டொக் இருக்காது."

நவம்பர் 8, வெள்ளி

ஒரு தடவை பிழை விட்டாயிற்று. இந்தத் தடவை அளக்காமல் ஒரு ஆணிகூட வாங்குவதில்லை.

நவம்பர் 11, திங்கள்

பக்கத்து வீட்டு அழகுமுத்து வந்தார். தேயிலை ஃபெக்டரியில் கொழுந்து வாடப்போடும் மாடியில் முப்பத்தைந்து வருடம் நின்றவர். வடக்குச் சுவரைத் தடவிப் பார்த்துக் கையை முகர்ந்தார்.

"மாஸ்டர், கொழுந்துக்கு நாங்க பதினாலு மணித்தியாலம் காத்து விடுவோம். அவசரம்னு ஒரேயடியா சூட்ட ஏத்துனா மேல கருகும், அடியில பச்சையா கெடக்கும். ஒங்க மெஷினும் அந்த வேலதான் பாத்திருக்கு. காத்து சூடாச்சு, செவரு சூடாகல."

நான்கு வருடமாக எனக்குப் புரியாததை அவர் ஒரு கைத்தடவலில் சொன்னார். பெரிய மெஷின் அறைக் காற்றைப் பத்து நிமிடத்தில் சூடாக்கி, வேலை முடிந்ததென்று நின்றுவிடுகிறது. சுவர் குளிர்ந்தபடியே இருக்கிறது. காற்றிலுள்ள ஈரம் போய் அந்தக் குளிர்ந்த சுவரில் படிகிறது. மலைச்சரிவில் அரை மணி நேரம் கொட்டும் மழை மண்ணை அரித்துக்கொண்டு ஓடிவிடும். நாள் முழுக்கத் தூறும் மழைதான் வேருக்கு இறங்கும். எனக்கு வேண்டியது தூறல்.

எவ்வளவு தூறல்? அதைக் கண்டுபிடிக்க வேண்டும்.

நவம்பர் 13, புதன்

தோட்ட ஒஃபீசில், வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கையாவைக் கேட்டேன். மழை அளவு எழுதும் புத்தகத்திலேயே விடியற்காலைக் குளிரையும் எழுதி வருகிறார்கள். பத்து வருடத்தைப் புரட்டினோம். மிகக் குறைந்தது நான்கு டிகிரி, ஒரு ஜனவரியில், தேயிலைக் கொழுந்தெல்லாம் பனியில் கருகிய காலை. ஆக வெளியே நான்கு இருக்கும்போது உள்ளே இருபது வேண்டும். வித்தியாசம் பதினாறு.

நவம்பர் 14, வியாழன்

சோதனை தொடக்கம். முறை எளிது. அறையை ஓட்டை வாளி என்று வைத்துக்கொள்கிறேன். எவ்வளவு ஒழுகுகிறது என்று தெரியாது. ஆனால் குழாயை ஒரே அளவில் திறந்துவிட்டு, தண்ணீர் ஏறவும் இறங்கவும் இல்லாமல் எந்த மட்டத்தில் நிற்கிறது என்று பார்த்தால் ஒழுக்கு தெரிந்துவிடும். குழாய்க்குப் பதில் ஆயிரம் வாட் ஹீட்டர் இரண்டு. உள்ளே ஒரு வெப்பமானி, வெளியே ஒன்று. கதவு, ஜன்னல் எல்லாம் மூடி நான் ஹாலில் படுக்கிறேன். காலை ஐந்து மணிக்குப் பார்ப்பது. முதல் இரவு சுவரே பாதிச் சூட்டைக் குடித்துவிடும் என்பதால் இரண்டாம் இரவின் அளவுதான் கணக்கு.

நவம்பர் 15, வெள்ளி

மின்வெட்டு. எல்லாம் முதலிலிருந்து.

நவம்பர் 17, ஞாயிறு

வெளியே 11. உள்ளே 19. இரண்டாயிரம் வாட் கொடுத்தும் எட்டு டிகிரிதான் ஏறியிருக்கிறது! ஒரு டிகிரிக்கு 250 வாட். பதினாறு டிகிரிக்கு நாலாயிரம் வாட், அதாவது ஏறக்குறைய 13,600 பிடியூ. இந்த ஓட்டை வாளிக்கே பதினெட்டாயிரம் அதிகம். விஜிதரன் இருபத்துநாலு என்கிறார்.

மாதா கோயிலில் பூசை முடிந்து வந்து அழகுமுத்துவிடம் காட்டினேன். "மொதல்ல ஓட்டைய அடைங்க மாஸ்டர்" என்றார். சரிதான். ஓட்டை வாளிக்குப் பெரிய குழாய் வாங்குவதா?

நவம்பர் 20, புதன்

அழகுமுத்து ஊதுபத்தி கொளுத்திக்கொண்டு அறையைச் சுற்றி வந்தார். புகை வளைகிற இடமெல்லாம் நான் சோக்கால் குறி போட்டேன்.

"வேதக்காரங்க வீட்டுல ஊதுபத்தி காட்டிக்கிட்டு திரியிறேன். பாதர் பாத்தா என்னா நெனைப்பாரு?"

"மனம் திரும்பிட்டாருன்னு நெனைப்பாரு."

"நானா, நீங்களா?"

பதினேழு குறிகள். சீலிங் பலகைக்கு மேலே ஏறிப் பார்த்தால் தகரக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிகிறது. அந்த வழியாகக் காற்று தாராளமாக வந்துபோகிறது. இத்தனை வருடமும் நாங்கள் கம்பளி இல்லாமல் தகரத் தொப்பி மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறோம்.

நவம்பர் 27, புதன்

ஒரு வாரம் எழுதவில்லை. சீலிங்குக்கு மேல் இரண்டடுக்கு ரிஜிபோம், சூட்டைக் கடத்தாத நுரைப்பலகை. சுவர் விளிம்பு இடைவெளி எல்லாம் அடைத்தாயிற்று. சுவரைச் சுரண்டி, கழுவி, காயவிட்டுச் சுண்ணாம்பு அடித்தோம். கதவுக்கடியில் பட்டி. ஜன்னலைச் சுற்றி ரப்பர். இடுப்பு எனக்கு அறுபத்தெட்டு வயது என்று ஞாபகப்படுத்துகிறது.

டிசம்பர் 1, ஞாயிறு

இரண்டாம் சோதனை. ஒரே ஒரு ஹீட்டர். வெளியே 10. உள்ளே 20!

டிகிரிக்கு 100 வாட். பதினாறுக்கு 1,600 வாட். 5,500 பிடியூ. கடையில் இருக்கும் மிகச் சிறியது ஒன்பதாயிரம், அதுவே தாராளம். கணக்கை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். அழகுமுத்துவைக் கூப்பிட்டுச் சர்க்கரை கூட்டி பிளேன்டீ குடித்தோம்.

டிசம்பர் 3, செவ்வாய்

இசபெலுக்குப் போன் எடுத்தேன். எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "கட்டில் பக்கத்து ஜன்னலுக்கு ரப்பர் ஒட்டி, கொக்கிக்குப் பதிலா ஸ்குரூ போட்டே இறுக்கிட்டேன். இனி ஒரு சொட்டுக் காத்து உள்ள வராது."

இசபெல் இடைமறித்தாள்.

"தொறக்க ஏலாதா?"

"எதுக்குத் தொறக்கணும்?"

"அப்ப நான் வரல்ல."

போனை வைத்துவிட்டாள்.

டிசம்பர் 4, புதன்

நான் என்ன குத்தம் செஞ்சேன்? ஒரு மாசமா கூரைக்கும் தரைக்கும் ஏறி எறங்கினது யாருக்காக? வரல்லயாம். டிலுக்ஷி போன் எடுத்து, "அம்மா இனி இங்கயே இருக்கேன்னு சொல்றாங்கப்பா, காலையிலேருந்து ஒழுங்கா சாப்பிடல" என்கிறாள். அவள் குரலில் கவலை பாதி, நிம்மதி பாதி. வீட்டு வாடகைக்கு ஆளும் பார்த்து வைத்திருக்கிறாளோ என்னவோ.

கடைக்குப் போகவில்லை. கணக்குக் கொப்பியைத் திறக்கவுமில்லை.

இல்லை. இப்படி உட்கார்ந்திருப்பதில் பயனில்லை. நாளை முதல் பஸ்ஸில் வத்தளைக்குப் போகிறேன். விடை பிழைத்தால் கணக்கில் எங்கே பிழைவிட்டோம் என்று பார்க்க வேண்டும், கோபித்துக்கொள்ளக் கூடாது. இதை எத்தனை பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்பேன்!

டிசம்பர் 5, வியாழன். வத்தளை

சமையலறையில் நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கிள்ளினேன். அரைத் தட்டு முடிந்தது. பிறகு தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"பூண்டுலோயாவுல எங்க தோட்டத்து லயத்துல, அடுத்த காம்பராவுல காளியாயி அக்கா இருந்தாங்க. கைக்கொழந்தக்காரி. எனக்கு அப்ப ஒம்பது வயசு. பனி கொட்டுன நேரம். அடுப்புக் கரிய சட்டியில அள்ளி உள்ள வெச்சிக்கிட்டு, கதவு இடுக்கெல்லாம் சாக்கு அடைச்சிட்டுப் படுத்தாங்க. காலையில பெரட்டுக்கு ஆளக் காணோம்னு எங்கப்பா கதவ ஒடைச்சாரு. நான்தான் அவரு காலுக்குள்ள பூந்து மொதல்ல உள்ள போனேன்."

கை நின்றுவிட்டது.

"அவ்வளவு சூடா இருந்த காம்பராவ நான் அதுக்கு முன்ன பாத்ததே இல்லீங்க."

பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது தாயைக் காணவில்லை; கரிப் புகை தாயையும் பிள்ளையையும் தூக்கத்திலேயே கொண்டுபோயிருந்தது. அவ்வளவுதான். அவள் அடுத்த நெத்தலியை எடுத்தாள்.

"கல்யாணம் கட்டுன நாள்லேருந்து, நீங்க தூங்குனதும் நான் எந்திரிச்சி ஜன்னல நாலு விரக்கட தொறந்து வெப்பேன். கைய அதுல வெச்சிக்கிட்டுப் படுப்பேன். காத்து பட்டாத்தான் தூக்கம் வரும்."

நாற்பத்தொரு வருடம். காலையில் ஜன்னல் திறந்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு முன்னால் எழுந்து வெளிக்காற்றுக்குத் திறக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாளும் கேட்டதில்லை.

"இசபெல், இது கரண்டு மெஷின். இதுல பொகையே கெடையாது."

"தெரியுங்க. எனக்குத் தெரியும். என் கைக்குத் தெரியாது."

நாலு வருஷமாகச் சுவர் நனைந்ததற்கு உன் ஜன்னலும் ஒரு காரணம் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஜன்னல் மூடியிருந்தாலும் அந்தப் பெரிய மெஷின் சுவரைச் சூடாக்கியிராது. அதை வாங்கியவன் நான். புள்ளக் காம்பராவில் முப்பது வருடம் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவள், ஒவ்வொரு தொட்டிலுக்கும் குனிந்து மூச்சுக் கேட்டுவிட்டுப் போவாள் என்று மற்றவர்கள் கேலி பண்ணுவார்கள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

ஆளில்லாத அறையை அளந்துவிட்டு அதுதான் விடை என்று வந்திருக்கிறேன்.

டிலுக்ஷியிடம் ஒரு அடிமட்டம் வாங்கி, இசபெலின் நான்கு விரலைச் சேர்த்து வைக்கச் சொன்னேன். ஆறரை சென்ரிமீற்றர்.

"எதுக்குங்க?"

"கணக்குல சேக்குறேன்."

டிசம்பர் 6, வெள்ளி

டொக்டரிடம் போனேன். காற்று வருவது நல்லதுதான், குளிரும் ஈரமும்தான் ஆகாது, திறந்திருந்தும் இருபதில் நிற்குமானால் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார். கூடவே வந்த டிலுக்ஷி வெளியே வந்ததும், "அம்மாவுக்கு அந்த ஜன்னல மூடப் பழக்குறது லேசுதானேப்பா?" என்றாள்.

"மெஷின மாத்துறது அதவிட லேசு."

டிசம்பர் 9, திங்கள்

சனிக்கிழமை வந்ததும் ஸ்குரூக்களைக் கழற்றினேன். ஜன்னல் சட்டத்தில் ஒரு மரக்கட்டை வைத்து, ஆறரை சென்ரிமீற்றருக்கு மேல் திறக்காமலும் காற்றில் ஆடாமலும் செய்தாயிற்று. ஒரு ஹீட்டர், இரண்டு இரவு. வெளியே 9. உள்ளே 15.5.

ஆறரை டிகிரிக்கு ஆயிரம் வாட். ஒரு டிகிரிக்கு 154. பதினாறுக்கு 2,460 வாட். ஏறக்குறைய 8,400 பிடியூ.

அவள் கையின் விலை ஏறக்குறைய மூவாயிரம் பிடியூ. தாராளமாகக் கொடுக்கலாம்.

நாங்கள் இருவரும் தூங்கினால் நூற்றைம்பது வாட் அளவு சூடு எங்கள் உடம்பிலிருந்தே வரும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கையிருப்பாக இருக்கட்டும்.

டிசம்பர் 10, செவ்வாய்

கடை. ஜன்னல் திறந்திருக்கும் என்று சொல்லிவிட்டு நான் கேட்டது ஒரே ஒரு விஷயம்: வெளியே கடுங்குளிராக இருக்கும்போது இந்த மெஷின் எவ்வளவு சூடு தரும்? பெட்டியில் போட்டிருக்கும் எண் இதமான நாளுக்குரியது. மலையேறினால் நமக்கு மூச்சு வாங்குகிற மாதிரி, குளிர் ஏற ஏற மெஷினுக்கும் பலம் குறையும்.

விஜிதரன் கையேட்டைத் தேடி எடுத்துத் தூசி தட்டினார். "இந்தப் பக்கத்த இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல சேர்."

இருவரும் விரல் வைத்துப் பார்த்தோம். ஒன்பதாயிரம் என்று விற்பது, வெளியே இரண்டு டிகிரியில் ஏழாயிரத்துச் சொச்சம்தான் தருகிறது. போதாது. பன்னிரண்டாயிரம் என்பது 9,500 தருகிறது. சரியாக இருக்கும். இன்வேர்ட்டர் வகை என்பதால் சாதாரண இரவில் பாதி வேகத்துக்குக் கீழே இறங்கி, நிற்காமல் ஓடும்.

"பதினெட்டே காணாதுன்னு வந்தீங்க. இப்ப பன்னெண்டு கேக்குறீங்க. அதுலயும் ஜன்னலத் தொறந்து வெச்சிக்கிட்டு!" சிரித்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "சேர், மெஷின செவத்துல பூட்டுன பொறகு காணலன்னு சொன்னா கம்பெனி திருப்பி எடுக்காது. எனக்கும் மனசு கஷ்டமாப் போகும். ஒரு சைஸ் கூடவே போடுங்களேன்?"

ஒரு நிமிடம் தடுமாறினேன். எதிரில் நிற்பவர் நல்லெண்ணத்தோடு சொல்லும்போது தன் கணக்கில் நிற்பது கஷ்டம். நான்கு வருடம் முன்னால் இதே தடுமாற்றத்தில்தான் பெரியதை எடுத்தேன்.

"பன்னெண்டே போடுங்க" என்றேன்.

டிசம்பர் 17, செவ்வாய்

மெஷினைச் சுவரில் பூட்டிவிட்டுப் போனார்கள். சத்தமே இல்லை. ஓடுகிறதா என்று இரண்டு தடவை கையை நீட்டிப் பார்த்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

மூன்று விடியல், ஜன்னல் நான்கு விரல் திறந்தபடி. உள்ளே 20, 19.5, 20. வடக்குச் சுவர் உலர்ந்து இருக்கிறது. டிலுக்ஷிக்கு எண்களைப் படம் எடுத்து அனுப்பினேன். "ஞாயிற்றுக்கிழமை கூட்டிட்டு வர்றோம். ரெண்டு வாரம் பாத்துட்டு முடிவெடுப்போம்" என்று பதில் போட்டாள். பரீட்சை முடியவில்லை.

டிசம்பர் 22, ஞாயிறு

இசபெல் வந்துவிட்டாள். நேரே அறைக்குப் போய் ஜன்னலைத் திறந்து மூடிப் பார்த்தாள். மரக்கட்டையைத் தொட்டுவிட்டு, "இதுக்குமா அளவெடுத்தீங்க" என்றாள். பிறகு, "பெயின்ட் அடிச்சிருக்கலாம்ல?"

டிசம்பர் 25, புதன்

பாதிரியார் பிரசங்கத்தை நீட்டிவிட்டார். இசபெல் இருமவில்லை.

ஜனவரி 11, சனி

வெளியே 4.5. வாசல் புல்லெல்லாம் வெள்ளை. தோட்டத்தில் கீழ்மலைக் கொழுந்து கருகிவிட்டதாம். உள்ளே 19. அரை டிகிரி கூடுதலாக எதிர்பார்த்தேன், பரவாயில்லை, போதும். ஐந்து மணிக்கு எண்ணைக் குறித்துக்கொண்டு திரும்பினால் அவள் வாயைத் திறந்து நல்ல தூக்கத்தில் இருக்கிறாள். ஒரு கை கம்பளிக்குள். மற்றக் கை ஜன்னலில்.

ஜனவரி 18, சனி

டிலுக்ஷி பஸ்ஸில் ஒரு பார்சல் போட்டு விட்டிருந்தாள். வத்தளையில் இருந்த அம்மாவின் மிச்சச் சேலைகள், மூக்குக்கண்ணாடிக் கூடு, செபமாலை, மாத்திரைப் பெட்டி. கடிதம் இல்லை. இசபெல் ஒவ்வொன்றாக எடுத்து அலுமாரியில் அடுக்கிவிட்டு, பார்சல் கட்டியிருந்த கயிற்றைத் துணி காயப்போட எடுத்துக்கொண்டாள்.

மாலையில் பூண்டுலோயாவிலிருந்து தனுஜா டீச்சர் போன் எடுத்தாள். என்னோடு ஒரே பாடசாலையில் படிப்பித்தவள். அவள் அம்மாவுக்கும் நெஞ்சுச் சளி. "நீங்க எத்தனை பிடியூ போட்டீங்க சேர்? நாங்களும் அதையே வாங்கிடுறோம்."

என் எண்ணை நான் சொல்லவில்லை. இதைத்தான் சொன்னேன்: இப்போதைக்கு ஒன்றும் வாங்காதீங்க டீச்சர், அம்மா படுக்கும்போது கதவும் ஜன்னலும் எப்படி இருக்கும் என்று அம்மாவிடமே கேட்டு, அறையை அப்படியே வைத்து, ஆயிரம் வாட் ஹீட்டரை இரண்டு இரவு போட்டு, இரண்டாம் நாள் காலை ஐந்து மணிக்கு உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று எழுதிப் பாருங்க.